சுவரில் சிரித்த பெண்

எனக்கு விளம்பரம் என்றாலே ஆகாது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருவன் புகுந்து சோப்பு வாங்கு, எண்ணெய் வாங்கு என்று ஆரம்பித்தால் என் கை தானாகப் போய் அணைத்துவிடும். வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். கல்லுக் குண்டு மாதிரி உயிரோடு இருந்த ஒரு பெண்ணை ஒரு விளம்பரம் செத்தவளாக்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்துப் போனேன். கலசப்பாக்கம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. மலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா ஊறுகாயும் வேதப்புத்தகமும் கட்டிக் கொடுத்தாள். சாலையோரத்தில் ஒரு வீட்டின் பின்னறையில் எனக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்காரர் சாமையும் கேழ்வரகும் போடுகிற குடியானவர். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே மகள், கல்யாண வயது. புல் வேய்ந்த அந்த வீட்டுக்கு நீளமான மண்சுவர் ஒன்று நேராகச் சாலையைப் பார்த்து இருந்தது. எல்லாம் அதனால் வந்த வினை.

மழை ஓய்ந்த ஒரு கார்த்திகை மாதத்தில் திருப்பத்தூரிலிருந்து ஜீப் ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு மேலே வந்தது. அதில் ரேடியோ கம்பெனி ஆள் ஒருவர், ஏணியோடு ஒரு பெயிண்டர். கம்பெனி ஆள் இறங்கி ஊரைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தார். அண்ணனைக் கூப்பிட்டு, "ஒரு வருஷத்துக்கு இந்தச் செவுரு எங்களுக்கு. இந்த ரேடியோ உங்களுக்கு" என்றார். கையில் சிவப்புப் பெட்டி பாடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் பாட்டு என்றால் உயிர். அக்கா உள்ளேயிருந்து வருவதற்குள் தலையாட்டிவிட்டார். வருஷம் முடியும் முன் சுவரைத் தொட்டால் ரேடியோவைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்று அந்த ஆள் சொன்னதும் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ.

பெயிண்டர் முதலில் சுவரில் சிமெண்டைப் பூசினார். காயவிட்டு, மறுவாரம் வந்து எண்ணெய் வர்ணத்தில் படம் எழுதினார். பட்டணத்துச் சேலை கட்டிய ஒரு பெண், தலை நிறையப் பூ, காதோரம் ரேடியோ, எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பு. கீழே ஆளுயர எழுத்தில், 'இந்த ரேடியோ இல்லாத வீடு ஒரு வீடா?'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் வேறு எந்த வீட்டிலும் ரேடியோ கிடையாது. தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், சாயங்காலம் திரும்பினாலும் சிரிப்பாள். 'வீடு' என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன் ஒருநாள். மூன்றாம் வகுப்பு முழுக்க, ஒரு எழுத்துப் பிழையில்லாமல், அதே வாக்கியத்தை எழுதிக் காட்டியது. நான் மூன்று மாதம் தொண்டை வறளக் கத்திச் சொல்லிக் கொடுத்ததில் பாதிகூட அப்படிப் பதிந்ததில்லை.

ரேடியோவாவது ஒழுங்காகப் பாடியதா என்றால் அதுவும் இல்லை. பாட்டு பாதி, விளம்பரம் பாதி. அந்தப் பாதியும் நீடிக்கவில்லை. கடையில் விற்கிற சாதாரண பேட்டரி அதில் நுழையாது. செங்கல் மாதிரி ஒரே கட்டியாக அந்தக் கம்பெனியே செய்கிற பேட்டரிதான் பொருந்தும். மார்கழியில் அது தீர்ந்தது. அண்ணன் பஸ் ஏறித் திருப்பத்தூர் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். "அந்த மாடலுக்குப் பேட்டரி இப்ப வர்றதில்லையாம் டீச்சரம்மா. புது செட்டு வந்துகீதாம், அத வாங்கிக்கச் சொல்றாங்க" என்றார். கோபப்படக்கூட அவருக்குத் தெரியவில்லை. ஊமையாகிவிட்ட பெட்டியை மாடத்தில் வைத்து, நாளைக்குப் பாடிவிடும் என்பதுபோலத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் வந்தபோதுதான் அக்காவுக்கு நிஜமான கவலை பிடித்தது. பொங்கலுக்கு முன் வீட்டு முன்சுவரைச் செம்மண்ணும் சாணியும் குழைத்துக் கூரையிலிருந்து தரைவரை பூசுவது அந்த ஊர் வழக்கம். அந்த வருஷத்தில் சாவு விழுந்த வீடு மட்டும் பூசாது. பூசாத சுவரைப் பார்த்தால் போதும், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்.

அக்கா அந்தச் சிரிக்கிற பெண்ணின் மேலேயே பூசிப் பார்த்தார். ஈரமாக இருக்கும்வரை நின்றது. மறுநாள் வெயில் பட்டதும் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. வைக்கோலை நறுக்கிப் போட்டுப் பூசினார், அதுவும் விழுந்தது. மினுமினுவென்று இருந்த எண்ணெய் வர்ணத்தில் மண் எப்படி ஒட்டும்? சிமெண்டோடு கொத்தி எடுத்துவிடுகிறேன் என்றார். அண்ணன், "ஒரு வருஷம்னு வாக்கு குடுத்துட்டனே. ரேடியோவ எடுத்துக்குவாங்க" என்று தடுத்துவிட்டார். சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் புதுச்செம்மண்ணில் பளிச்சென்று இருக்க, இந்த ஒரு வீடு மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

அதே தை மாதத்தில் மகளைப் பெண் கேட்க வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை வீடு காட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ஊர், பஸ் எட்டிப் பார்க்காத ஊர். கோயில் திருவிழாவில் பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்திருக்கின்றன. மகள் என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லியிருந்தாள். வருகிற நாளன்று வீடு மெழுகி, கோழி அடித்து, மதியம்வரை காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. மகள் கோழிக் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சாலையோர டீக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று தயங்கித் தயங்கிப் பேசினார். "அந்த ஊரு ஆளு ஒருத்தன் கடைக்கு வந்தான். 'ரோட்டோர வூட்டுப் பொண்ணு எப்படிங்க தவறிச்சு'ன்னு கேக்குறான். 'இன்னாப்பா இது'ன்னு புடிச்சி எல்லாத்தையும் விசாரிச்சேன்."

விஷயம் அப்புறம்தான் புரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கு வந்திருக்கிறார்கள். சாலை வளைவில் நின்று பார்த்திருக்கிறார்கள். சுவர் பூசவில்லை, சுவரில் பூ வைத்த ஒரு சின்ன வயதுப் பெண்ணின் படம். டவுனில் செத்தவர்களின் படத்துக்குப் பூப் போட்டு வைப்பதை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். பெண்ணே போய்விட்டாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். விசாரித்திருக்கலாமே என்று நான் கேட்டேன். விசாரித்தால் துக்கம் கேட்டாக வேண்டும், பெண் கேட்க வந்த வாயால் துக்கம் கேட்கக் கூடாது என்றார் டீக்கடைக்காரர். அதனால் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கதவுக்குப் பின்னால் நின்ற மகளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. அவள் அழவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் அன்றைக்கே காட்டு வழியாக ஓடினார். சாயங்காலம் திரும்பியவர் முகத்தில் ஈயாடவில்லை. பெண் உயிரோடு இருப்பதைக் கேட்டு அவர்களுக்கும் சந்தோஷம்தானாம். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டாராம், "துக்கமுன்னு திரும்பின காலு. அந்தச் செவுரு இருக்கிற வரைக்கும் மறுபடி அந்த வூட்டு வாசல் மிதிக்காது" என்று.

அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். கடப்பாரையோடு வந்தார். படத்தை மட்டும் கொத்திப் பார்த்தபோது சிமெண்டு தனியாக வரவில்லை, மண்ணையும் பாளம் பாளமாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. "கூரைக்கு முட்டு குடுங்க" என்றார் புருஷனிடம். "ரேடியோவ…" என்று அண்ணன் ஆரம்பித்தார். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு மூங்கில் வெட்டப் போய்விட்டார். இருட்டுவதற்குள் முன்சுவர் தரையில் கிடந்தது. நானும் என் பங்குக்கு நாலு இடி இடித்தேன். அத்தனை நாள் எரிச்சலுக்கு அது நல்ல மருந்தாக இருந்தது.

புதுச்சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது கம்பெனி ஆள் சுவரைப் பார்வையிட வந்து சேர்ந்தார். "எங்க செவுரு எங்கேங்க?" என்று கேட்டார். அக்கா மண்வெட்டியால் மண்மேட்டைக் காட்டி, "அதோ கீது. அள்ளிக்கினு போங்க" என்றார். அந்த ஆள் சட்டம் பேச வாயெடுத்தார். அண்ணன் உள்ளே போய் ரேடியோவை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார். வைத்த கை கொஞ்சம் தாமதித்துத்தான் விலகியது, பாவம். "பேட்டரி போட்டா நல்லாப் பாடும், நீங்களே வெச்சிக்கினு கேளுங்க" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அவருக்குக் கேலி வராது.

மாசி பிறந்ததும் சுவர் முழுதாக எழும்பியது. அக்காவும் மகளும் செம்மண் குழைத்துப் பூசத் தொடங்கினார்கள். பூசி முடிந்ததும் சொல்லி அனுப்புவதாக ஏற்பாடு. ஆனால் பாதிச் சுவர் பூசியிருந்தபோதே காட்டு வழியில் இரண்டு பேர் வருவது தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் அவர் தம்பியும். அக்கா மண் அப்பிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். பூசாத பாதி அவருக்குப் பின்னால் வெறுமையாக இருந்தது. அதை மறைப்பதுபோல நகர்ந்து நின்றுகொண்டார்.

அந்த அம்மா வாசலில் நின்று சுவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பக்கத்தில் கல்யாணப் பேச்சு முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள் என்று எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதனால் யாரும் அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போகவில்லை.

"பையன் சோறு திங்காம கெடந்தான்" என்றார் அந்த அம்மா, யாரையும் பார்க்காமல். பிறகு கல்லின் மேல் உட்கார்ந்து, "வெயிலு தாங்கல. தண்ணி குடுங்க" என்றார்.

அக்கா கை மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். மகள்தான் ஓடினாள். கை கழுவ வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் செம்பில் மொண்டு கொண்டுவந்து நீட்டினாள். செம்பெல்லாம் செம்மண். அந்த அம்மா செம்பை வாங்கவில்லை. செம்பைப் பிடித்திருந்த அந்தக் கைகளை, மண்ணோடு, தன் இரண்டு கையாலும் பிடித்தார். விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் தண்ணீரைக் குடித்தார்.