இறக்கத்தில் இறங்கித் தள்ளியவர்

எங்கள் வீட்டில் சைக்கிள் ஹாலில் நிற்கிறது, கார் வெளியே மழையில் நனைகிறது. கல்யாணமாகிக் கடல் தாண்டி ஈப்போவுக்கு வந்த புதிதில் இதுதான் எனக்குப் பெரிய அதிசயம். சோபாவுக்கும் சாமி அலமாரிக்கும் நடுவில், அதற்கென்றே செய்த ஒரு தாங்கியில், தரையில் சக்கரம் படாமல் தொங்கும். குளித்தலையில் என் பிறந்த வீட்டுச் சைக்கிள் வேப்பமரத்தில் சாய்ந்து கிடக்கும், காக்கை எச்சமிட்டாலும் துடைக்க ஆளிருக்காது. இங்கே விருந்தாளி வந்தால் முதலில் சைக்கிளைக் குனிந்து பார்ப்பார், பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்ப்பார். பெல் இல்லை, ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. எங்கள் ஊரில் யாரோ திருடிக் கழற்றிக்கொண்டு போனது போக மிச்சம் இருப்பதுபோல் இருக்கும். இதற்குத்தான் இத்தனை மரியாதையா என்று முதல் வாரமே கேட்டு, புது மருமகள் வாயாடி என்ற பெயரை வாங்கிக்கொண்டேன்.

ஊரில் சைக்கிளை நன்றாக்குவது என்றால் ஏதாவது சேர்ப்பது. பத்தாம் வகுப்பில் அப்பா எனக்கு வாங்கித் தந்த லேடீஸ் சைக்கிளுக்கு முதலில் கூடை வந்தது, பிறகு டைனமோ விளக்கு, பிறகு கம்பிகளில் கோத்த கலர் மணிகள், கடைசியாகப் பின் மட்கார்டில் என் பெயர் எழுதிய ரப்பர். இங்கே நன்றாக்குவது என்றால் கழற்றுவது, அல்லது இருப்பதை எடுத்துவிட்டு அதே மாதிரி ஒன்றை, ஆனால் எடை குறைந்ததாக மாட்டுவது. ஒரு கைப்பிடி எடையைக் குறைக்க மாதக்கணக்கில் பேசுவார்கள். சவாரி முடிந்ததும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடையில் உட்கார்ந்து அந்த எடையைச் சிரித்துக்கொண்டே உடம்பில் ஏற்றிக்கொள்வார்கள். என்னைப் போல வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள், அவரவர் ஹாலில் அவரவருக்கு ஒன்று நின்றுகொண்டிருக்கும்.

என் கணவர் குணசேகரன் வயரிங் வேலை செய்பவர். ஈப்போவில் புது வீடுகள் எழும் இடமெல்லாம் அவருக்கு வேலை இருந்தது. அவருடைய முன்னோர் முசிறிக்காரர்கள். முசிறி எங்களுக்கு ஆற்றுக்கு அக்கரை, பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். அக்கரைக்காரரைக் கட்டிக்கொள்ள நான் கடலைத் தாண்டி வந்தேன் என்று எங்கள் வீட்டில் இன்றும் கேலி செய்வார்கள். பிள்ளைகள் இல்லை. ஞாயிறுதோறும் அவர் ரோட் பைக்கில் முன்னால் போக, கூடை வைத்த சைக்கிளில் நான் பின்னால் போவேன். பேராக் மாநிலத்தை நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் தெரிந்துகொண்டேன். செம்மோர் தாண்டி சுங்கை சிப்புட் வரைக்கும், சுண்ணாம்பு மலைகளும் எண்ணெய்க்காக நட்ட செம்பனைக் காடும் மாறி மாறி வரும். ஒவ்வொரு வளைவிலும் கையை நீட்டி, இது பால்மரமாக இருந்தது, இங்கே பள்ளிக்கூடம் இருந்தது என்று இல்லாததைக் காட்டிக்கொண்டே போவார். ரப்பர் மரத்தைத்தான் இங்கே பால்மரம் என்பார்கள்.

அவர் பிறந்த தோட்டமும் இப்போது இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் ஒரு சரிவின் அடியில் மிச்சமிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குக் கமுந்திங்கிலிருந்தும் பாரிட் புந்தாரிலிருந்தும் அந்தத் தோட்டத்துச் சனங்கள் வந்துவிடுவார்கள். ஊரே இல்லாத இடத்தில் ஊர்த் திருவிழா நடக்கும். எல்லோரும் காரில் வர, குணா மட்டும் ஈப்போவிலிருந்து சைக்கிளில் போவார். தோட்டத்தைவிட்டு எல்லோரையும் கிளப்பியபோது அவருடைய அப்பா லாரியில் ஏற மறுத்துச் சைக்கிளில்தான் வெளியேறினாராம். போன வழியிலேயே திரும்பி வருகிறேன் என்று அம்மனுக்குச் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த வாக்கை மகன் வருடாவருடம் நிறைவேற்றிக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் பூசாரி சைக்கிளுக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். அதன்மேல் சைக்கிளை ஏற்றி நசுக்கிய பிறகுதான் குணா செருப்பைக் கழற்றுவார்.

நோய் ஸ்குரூ டிரைவரில் தொடங்கியது. ஏணியில் நிற்கும்போது கையிலிருந்து நழுவியது, பிறகு அடிக்கடி நழுவியது. கையில் தொடங்கி மெல்ல மேலே ஏறுகிற நரம்பு நோய் என்றார் டாக்டர். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், குணமாக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அவர் சாலையைப் பார்த்தபடி, சைக்கிளில் ஏதாவது மாற்றினால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் இல்லையா என்று கேட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அந்த வருடமும் கோயிலுக்குச் சைக்கிளில் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை என்று தெரிந்தபோது, நானும் அதையே வேண்ட ஆரம்பித்தேன்.

எதை மாற்றுவது என்பதில்தான் சண்டை. சிவா, அவரோடு அதே லயத்தில் வளர்ந்து இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர், சக்கரத்தை மாற்றச் சொன்னார். நாலு கோப்பை தே தாரிக் டீ குடித்து முடிக்கும்வரை சக்கரத்தை விட்டு அவர் பேச்சு நகரவில்லை. அவரோடு சவாரி போகிற குழுவில் இன்னொருவர் பட்டனை அழுத்தினால் மாறும் மின்சாரக் கியர் என்றார். நான் மளிகை வாங்குகிறவளின் புத்தியோடு ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தேன்: இதை மாற்றினால் இவர் எந்த இடத்தில் இறங்காமல் போவார்? இந்தக் கேள்விக்கு முன்னால் பளபளப்பான சக்கரம் தோற்றது. அகலமான டயர் தேறியது, தோட்டத்து ரோடு உடைந்து கிடக்கிறது, கை அதிராது. சீட் தேறியது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். பல் பெரிதானால் மேட்டில் மிதிப்பது லேசாகும். காரணம், போன வருடம் கோயிலுக்கு முன்னாலுள்ள மேட்டின் உச்சியில் அவர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை நான் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன்.

நான் சமவெளிக்காரி. குளித்தலையில் மேடு என்றால் காவிரிப் பாலத்துக்கு ஏறுகிற சாலை மட்டும்தான். பால்காரர், வாழைத்தார் கட்டியவர், டியூஷனுக்குப் போகிற நாங்கள், எல்லோரும் ஏறும்போது இறங்கித் தள்ளுவோம். மறுபக்கம் இறக்கம் வந்தால் காலைத் தூக்கிக்கொண்டு பாவாடை பறக்கப் போவோம். சைக்கிளிலிருந்து ஒரு மனிதர் இறங்கித் தள்ளுகிறார் என்றால் அவருக்கு ஏற முடியவில்லை என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தம் இருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஈப்போவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நான் கேட்டதை நம்பவில்லை. சிறிய பல்சக்கரங்களை எடுத்து வைத்து, இதுதான் வேகம் என்று மலாயில் விளக்கினார். நான் இருப்பதிலேயே பெரியதைக் காட்டினேன். அது மலை ஏறும் சைக்கிளுக்கு, போட்டால் மெதுவாகிவிடும் என்றார். எனக்குத் தெரிந்த மலாயில் "லம்பாட் பகுஸ்" என்றேன், மெதுவாகப் போனால் நல்லதுதான் என்ற அர்த்தத்தில். எனக்கு மொழி புரியவில்லை என்று முடிவு கட்டி, அவர் அதையே மறுபடி உரக்கச் சொன்னார். காசு கொடுத்து மெதுவாகப் போக ஆசைப்படுகிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது குணா எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு புதுச் சைக்கிளின் பிரேக்கை இரண்டு விரலால் அழுத்துவதும் விடுவதுமாக நின்றிருந்தார். எண்ணெயில் ஓடும் பிரேக்காம், தொட்டாலே பிடிக்குமாம். ஆசை விடுகிறதா பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். உடனே கையை எடுத்துவிட்டு வந்தார்.

திருவிழா அன்று காலையில் வானம் மூடியிருந்தது. அன்றைக்கு நானும் கூடைச் சைக்கிளில் கூடவே போனேன், சிவா பின்னால் காரில் வந்தார். குணா நிதானமாக ஓட்டினார். சிக்னல் வெகு தொலைவில் இருக்கும்போதே மிதிப்பதை நிறுத்தி, சைக்கிள் தானாகத் தளர்ந்து நிற்கும்படி பார்த்துக்கொண்டார். கொஞ்ச மாதமாகவே அப்படித்தான். வயது கொடுத்த பொறுமை என்று நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். தோட்டத்து மேடு வந்தது. புதுப் பல்சக்கரம் என் மானத்தைக் காப்பாற்றியது. மூச்சு வாங்காமல், ஒருமுறைகூட எழுந்து மிதிக்காமல், உட்கார்ந்தபடியே ஏறினார். கூடைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்த நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நோய் தெரிந்த பிறகு நான் மனசாரச் சிரித்தது அன்றைக்குத்தான்.

உச்சியில் அவர் காலை ஊன்றி நின்றிருந்தார். கீழே கோயில் கொடியும் பந்தலும் தெரிந்தன. "ஏறிட்டீங்களேங்க. இனிமே இறக்கம்தான, விடுங்க" என்றேன். அவர் திரும்பாமலே பேசினார்.

"ஏறுறது எனக்கு எப்பவுமே பிரச்சினை இல்ல, கலா. கை மூட மாட்டேங்குது. பிரேக்கு பிடிக்க முடியல லா. போன வருசமும் அதுக்குத்தான் இங்க இறங்குனேன்."

எனக்கு முதலில் அவர் சொன்னது ஏறவே இல்லை. பிறகு சிக்னல்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கடைச் சுவரில் தொங்கிய சைக்கிளும் வந்தது. அந்தப் பிரேக்கை நமக்கு மாட்டியிருக்கலாமே என்றேன். அது நம்முடைய ஃபிரேமில் ஏறாது, நீ டயர் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன் என்றார். அப்படியானால் புதுச் சைக்கிளே வாங்கியிருக்கலாம், குறைந்தது பிரேக் கம்பியையாவது புதிதாகப் போட்டிருக்கலாம், எதையும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீ இந்த சைக்கிளத் தூக்கி உள்ள வெச்சிருப்ப."

வைத்திருப்பேன். அன்றைக்கே வைத்திருப்பேன். கூடைச் சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு அவருடைய சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். இரண்டு பிரேக்கையும் அழுத்தி அழுத்தி நான் இறக்க, அவர் சீட்டின்மேல் மணிக்கட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். என் ஊரில் பறந்து போகிற இறக்கத்தை இங்கே இரண்டு பேரும் பிணத்துக்குப் பின்னால் போவதுபோல் நடந்து கடந்தோம். அழுகை வந்தது, கை இரண்டும் பிரேக்கில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

பூசாரி பழத்தை வைத்துவிட்டு குணாவைப் பார்த்தார். குணா என்னைப் பார்த்தார். நீ ஏறி ஓட்டு என்று தலையை ஆட்டினார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த உயரமான பாரின்மேல் காலைப் போட்டேன். கால் தரைக்கு எட்டவில்லை, கை ஹேண்டில்பாருக்கு எட்டவில்லை, சிவா பின்னால் பிடித்துக்கொண்டார். பெண்பிள்ளை ஏற்றலாமா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். பழம் நசுங்கியது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்களுடைய அம்மனுக்கு அவர்களுடைய ஒரு வாக்கை நான் நிறைவேற்றிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு அவர் சைக்கிள் ஏறவில்லை. என் அண்ணன் குளித்தலையிலிருந்து கூப்பிடுகிறான், திருச்சியில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்கிறான். அண்ணன் சொல்வதில் தப்பில்லை. கஞ்சி வைக்கவும் கைபிடிக்கவும் அங்கே எனக்கு ஆளிருக்கிறது, இங்கே சிவாவை விட்டால் யாரும் இல்லை. குணாவிடம் சொன்னேன். முசிறியில் என்னைத் தெரிந்தவர் யார் என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைத்தானே வந்த வருடங்களில் நான் ஈப்போவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் தனியாகத் தவுக்கே கடைக்குப் போனேன். பிரேக் கம்பிகளைப் புதிதாக்கச் சொன்னேன், சீட்டை அடிவரைக்கும் இறக்கச் சொன்னேன். ஹேண்டில்பாரைத் தாங்குகிற ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு, என் கைக்கு எட்டும்படி குட்டையாக ஒன்று போடச் சொன்னேன். அப்புறம் அங்கிள் எப்படி ஓட்டுவார் என்று அவர் கேட்டார். இனி ஓட்ட மாட்டார் என்றேன். இந்த முறை என் மலாய் அவருக்கு ஒரே தடவையில் புரிந்தது. வேலை முடிந்ததும் பழைய ஸ்டெம்மை எண்ணெய் போகத் துடைத்து என்னிடம் தந்தார்.

குணா கண்ணில் படக் கூடாது என்று அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். மறைத்து வைக்கிற சாமர்த்தியம் எனக்கு எப்போதும் கிடையாது. ஒரு மத்தியானம் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், நான் கல்யாணத்துக்குக் குளித்தலையிலிருந்து கொண்டுவந்த பெட்டி கட்டிலின்மேல் திறந்து கிடக்கிறது. விரல் மடங்காததால் ஸ்டெம்மை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவர் அதற்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ ஊருக்குப் போறப்ப சைக்கிளத் தூக்கிட்டுப் போவ முடியாது. இத எடுத்துட்டுப் போ."

நாம போறப்ப என்று அவர் சொல்லவில்லை. பெட்டியை மூடி மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், உள்ளே அது உருண்டு இடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான்தான் அவருடைய சைக்கிளில் போகிறேன். ஸ்டெம் குட்டையானாலும் ஃபிரேம் அவர் அளவுதான், கை இன்னும் சரியாக எட்டுவதில்லை. செம்மோர் தாண்டி முன்னால் முதுகு இல்லாத சாலையில் வளைவு வரும்போது, இது பால்மரமாக இருந்தது, இங்கே பள்ளிக்கூடம் இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். நான் ஒருநாளும் பார்த்திராத மரங்கள் அவை. இறக்கம் வந்தால் இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடிக்கிறேன். கம்பி புதிது, தொட்டவுடன் நிற்கிறது.