தம்பி லாட்ஜில் தங்கிய மூன்று நாள்

என் தம்பி கோழி நோய்களை ஆராய்ச்சி செய்கிறவன். வருஷத்தில் பாதி நாள் வெளிநாட்டில்தான். நான் எட்டாவதோடு நின்றவள். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறாக்கிப் பள்ளிக்கூடம் அனுப்ப ஆள் வேண்டியிருந்தது. சேந்தமங்கலம் பக்கம் நானும் வீட்டுக்காரரும் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம். எந்தத் தேசத்துக்குப் போனாலும் அவன் திரும்பி வருவது எங்கள் வீட்டுக்குத்தான். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

போன தடவை, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னவன் வரவில்லை. போனில் கேட்டால், "பெங்களூர்ல வேலை இருக்குதுக்கா. வியாழக்கிழமை வாரேன்" என்றான். குரலில் ஒரு இழுவை. மறுநாள் முட்டை ஏற்ற வந்த வேன் டிரைவர், "உங்க தம்பியை நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் வாசல்ல பார்த்தனுங்களே" என்றார்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்குமா? இத்தனை பக்கத்தில் அக்கா வீடு இருக்க, பொய் சொல்லிவிட்டு லாட்ஜில் எதற்கு? யாரையாவது கூட்டி வந்திருக்கிறானா, வேலை போய்விட்டதா, உடம்புக்கு ஏதாவது வந்து மறைக்கிறானா? இல்லை, எங்கள் வீட்டுக் கோழி நாற்றம் இப்போது அவனுக்கு ஆகவில்லையா? கடைசியாக நினைத்ததுதான் ரொம்ப உறுத்தியது.

"ஏதோ காரணம் இருக்கும், உடு புள்ள" என்றார் வீட்டுக்காரர். இவருக்கும் ஏதாவது தெரியுமோ என்று அவரையும் ஒரு பார்வை பார்த்து வைத்தேன்.

புதன்கிழமை தூக்குப்போசியில் சோறும் பச்சைப்பயறு கடைசலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். டிரைவர் சொன்ன லாட்ஜில் ரூம் நம்பர் கேட்டுப் போய்த் தட்டினேன். கதவைத் திறந்தவன் என்னைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனான்.

"தொடாதக்கா."

நான் கேட்கவில்லை. கன்னத்தைப் பிடித்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. ஜன்னலில் கழுவி வைத்த பூட்ஸ், வாளியில் ஊறும் துணி, மேசையில் இரண்டு டம்ளர்.

"பாத்ரூம்லயும் பாத்துரு" என்றான். பார்த்தேன். யாரும் இல்லை.

பிறகுதான் சொன்னான். அவன் போன பண்ணைகளில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்ததாம். அந்த நோய் செருப்பில், துணியில், முடியில்கூட ஒட்டி வருமாம். குளித்து, துவைத்து, மூன்று நாள் எந்தக் கோழிக்கும் பக்கத்தில் போகக்கூடாதாம்.

"இதப் போன்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? இந்தா, இப்படித்தான் போசியத் தூக்கிட்டு வந்து நிப்ப. அப்புறம் நேரா பண்ணைக்குள்ள போவ. இப்ப உனக்கும் மூணு நாள்."

வீட்டுக்கு வந்து வெளிக்குழாயிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். விவரத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். "நெசமா அங்க யாரும் இல்லியா?"

வியாழக்கிழமை அவன் கெடு முடிந்து வந்துவிட்டான். வீட்டில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு மாமனோடு ஷெட்டுக்குள் போனான், தீவனம் வைத்தான், முட்டை பொறுக்கினான். நான் வேலிக்கு வெளியே நின்றேன். இத்தனை கோழியில் தினமும் இரண்டு மூன்று சாவது வழக்கம்தான். ஆனாலும் அந்தக் கன்னத்தைத் தொட்ட கை எனக்குக் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது.

"இன்னைக்கு எத்தனை செத்துருக்குது?"

"ரெண்டுதான்க்கா."

நாமக்கல்லில் இருந்துகொண்டு பெங்களூர் என்று சொன்னவன்தானே.

"கொண்டாந்து காட்டு."

இரண்டையும் காலைப் பிடித்துத் தூக்கி வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றே காட்டினான். மூன்றாவது ஏதும் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.