முழித்துக்கொண்டே இறங்கியவர்

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி எனக்கு இரண்டு போனில் வந்தது. முதல் போனில் அது எனக்குப் புரியவில்லை.

அன்று நான் வல்லத்தில், சித்தி மகள் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். மதியம் இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும். நான் வேலை பார்க்கும் லாரி எடைமேடையில் எடை ஸ்லிப் போடும் கஸ்தூரி கூப்பிட்டாள். “அண்ணே, சவரிண்ணன் இன்னும் எழுந்திரிக்கல. வாயத் தொறந்துக்கினு கெடக்குறாரு. மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது. எழுப்பட்டா?”

“அவரு எப்பவும் அப்டித்தான் கெடப்பாரு. தொடாத, உடு” என்றேன். சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னேன். அரைமணி நேரம் கழித்து மறுபடியும் அவள்தான். இந்த முறை கேள்வி எதுவும் இல்லை. “அண்ணே, தொட்டுட்டேன். சில்லுனு இருக்காரு” என்றாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. நெல் மண்டியிலும் லாரிகள் நிற்கிற டீக்கடையிலும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘பக்கத்துலயே உக்காந்துக்கினு ஒரு மணி நேரம் அந்தப் பொம்பள இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?’ என்கிறார்கள். எழுப்பட்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றது நான். அண்ணனைப் பற்றி இனி நான் எழுதுவதை எல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

செஞ்சிக்கு லோடு ஏற்றி வந்த யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பதினோரு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே எடைமேடையில் வேலை பார்த்தோம். விடிகாலை ஐந்து மணிக்கு வந்து திறப்பது அவர், ஒன்பது மணிக்கு வருவது நான். எடை காட்டும் சிவப்பு எழுத்துப் பலகையைக் கடைசி மூன்று வருஷமாக அவர் இரண்டு தடவை பார்ப்பார். ஒரு தடவை பார்த்து, தலையைத் திருப்பி ராஜகிரி மலைப் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடியும் பலகையைப் பார்ப்பார். டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். “இன்னாண்ணே, கண்ணு மங்கிப்போச்சா?” என்று கேட்டால், “இல்லடா, முழிச்சிருக்கனான்னு பாக்கறேன்” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். அவர் சொன்னது உண்மை என்று எனக்கும் கஸ்தூரிக்கும் மட்டும்தான் தெரியும்.

இருபது வயதிலிருந்து அவரை ஒன்று அமுக்கிக்கொண்டிருந்தது. படுத்துத் தூக்கம் சொக்கும் நேரத்தில் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்காருவது போல இருக்குமாம்; கை கால் அசையாது, கத்தினால் சத்தம் வராது. வீட்டில் பேய் என்றார்கள். அவருடைய நைனா, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர், மகனை எல்லா மாதா கோயிலுக்கும் கூட்டிப்போனார். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ஊருக்குத் தெரியாமல் ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். அங்கே எலுமிச்சம்பழத்தைத் தலையில் வைத்து அறுத்தார்களாம். “சாமி பாகுபாடு பாக்கல ஏழுமல. ஆனா அதுவும் போவல” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெற்று வளர்த்த பிறகும் அது வந்துகொண்டுதான் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்தார். அதில் ஒருவர், தூங்குகிற உடம்புக்குள் புத்தி மட்டும் விழித்துக்கொள்வதால்தான் அமுக்குவது போல இருக்கிறது, பயப்படாமல் கிடந்தால் அப்படியே விழிப்போடு கனவுக்குள் போய்விடலாம் என்று சொன்னாராம். மறுநாள் நான் வேலைக்கு வந்ததும், மேடையில் நின்ற வண்டிக்குக்கூட எடை போடாமல் என்னிடம் அதைச் சொன்னார். “பேய்னு நெனச்சி முப்பது வருசம் வாசல்லயே நின்னு கத்திக்கினு இருந்திருக்கேன்” என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, மகன் வேலையில் சேர்ந்த அன்றுகூட.

அன்றிலிருந்து அதற்கு ‘முழிச்சுக்கினே எறங்கறது’ என்று பெயர் வைத்துக்கொண்டார். விடிகாலை எழுந்தவருக்கு மதியம் உடம்பு அசந்திருக்கும், புத்தி அவ்வளவாக அசந்திருக்காது. அதுதான் சரியான நேரம் என்பார். சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்கு அறையிலிருந்த பெஞ்சில் மல்லாந்து படுப்பார். உள்ளங்கை மேலே பார்த்திருக்கும். நாற்பது நிமிஷம். முதலில் மூக்கில் அரிக்குமாம், சொறியக் கூடாது. பிறகு உடம்பு கனத்துப்போகும். காதில் ரைஸ்மில் ஓடுவது போல இரையும். மூடிய கண்ணுக்குள் துண்டு துண்டாக ஏதாவது தெரியும். அதைத் துரத்திப் போகாமல், அது பெரிதாகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பெரிதானதும் காலை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். இதைப் பழக அவருக்கு ஒரு வருஷம் ஆனது. பாதி நாள் குறட்டை விட்டுத் தூங்கிப்போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதன்முதலாக இறங்கிய அன்று எழுந்து உட்கார்ந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கனவிலும் எடைமேடையில்தான் நின்றிருந்தாராம். மேடையில் வண்டியே இல்லை, ஆனால் பலகையில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தனவாம். “கனாவுல பூஜ்யம் நிக்காது ஏழுமல. அத வெச்சித்தான் கனான்னு கண்டுபுடிச்சேன்” என்றார். பலகையை இரண்டு தடவை பார்க்கும் பழக்கம் அதிலிருந்துதான். அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ரோட்டைத் தாண்டிப் போய் டீ குடித்தாராம். “ஒரு வருசம் கஷ்டப்பட்டு உள்ள போயி டீயா குடிச்சீங்க?” என்று கேட்டு நானும் கஸ்தூரியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவருக்குக் கோபமே வரவில்லை. “இன்னா வேணும்னாலும் செய்யலாம்னு ஆனதும், இன்னா செய்யறதுன்னு தெரியல” என்றார்.

எனக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். நான் சரிப்பட்டு வரவில்லை. மூன்றாவது நிமிஷம் மூக்கைச் சொறிவேன், இல்லாவிட்டால் தூங்கிவிடுவேன். “அரிச்சா அரிக்கட்டும். கூப்புட்டா ஒடனே ‘இன்னா’ன்னு கேக்காத” என்பார். ஒரே ஒரு தடவை அமுக்கும் இடம்வரைக்கும் போனேன். உடம்பு செத்த கட்டை, காது மட்டும் கேட்கிறது. பயத்தில் கத்தி எழுந்துவிட்டேன். அவர் எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்து, “அவ்ளோதான், வாசல் வரைக்கும் போயிட்ட” என்று தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நான் முயற்சி செய்யவே இல்லை.

இனி அந்த அட்டை விஷயம். ஒரு நாள் கரும்பு லோடு கொண்டுவந்த டிரைவர் ஒருவர் நேராக அறைக்குள் வந்து, படுத்திருந்தவரைப் பிடித்து உலுக்கிவிட்டார். அண்ணன் அலறிக்கொண்டு எழுந்தார். அன்று சாயங்காலம் வரை முகம் வெளுத்து, நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு டிரைவர் மேல் கோபம். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, ‘படுத்திருப்பவரைத் தொடாதீர்கள், எடைக்கு ஜன்னலில் கேட்கவும்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி பெஞ்சுக்கு மேல் மாட்டினேன். கஸ்தூரியிடமும் கறாராகச் சொல்லிவைத்தேன். அவர் கண் பாதி திறந்திருக்கும், வாய் தொங்கும், கூப்பிட்டால் பதில் வராது. பயந்துகொண்டு எழுப்பிவிடாதே என்றேன். வேறெந்த எடைமேடையிலாவது ஒரு மனிதர் அப்படிக் கிடந்தால் ஊரே கூடித் தண்ணீர் தெளித்திருக்கும். எங்களிடத்தில் ஓசைப்படாமல் நடந்தார்கள்.

மாரடைப்பு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கொஞ்சம் முன்னாடியே தொட்டுப் பார்த்திருந்தால் என்று கேட்டேன். “சொல்ல முடியாதுங்க” என்றார். அவர் என்னை ஆறுதல்படுத்தவும் இல்லை, குற்றம் சாட்டவும் இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த இரண்டு வார்த்தையோடு ஒரு மாதமாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறேன்.

கல்லறையில் நானும் ஒரு பிடி மண் போட்டேன். பெட்டி மேல் மண் விழுந்த சத்தம், பாட்டு, அண்ணி ஆரோக்கியமேரியின் அழுகை எல்லாம் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. எல்லாம் கேட்கும், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது என்று அண்ணன் சொல்வாரே, அந்த இடத்தில்தான் இருக்கிறேன். அதை அவர் வாசல் என்றார். எனக்கு இது வாசலாகத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பாடு. கஸ்தூரி ஒரு ஓரமாகத் தட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உறவுக்காரர் ஒருவர் அவள் காதில் விழும்படியே, “கண்ணு தெரியாதவங்களகூட வேலைக்கு வெச்சிருக்கலாம்” என்றார். நான் நாலடி தூரத்தில் இருந்தேன். என் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அண்ணியைப் போய்ப் பார்த்தேன். கஸ்தூரி எனக்குப் போன் செய்ததையும் நான் சொன்ன பதிலையும் அப்படியே சொன்னேன். அண்ணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், புடைப்பதை நிறுத்தவில்லை.

“அந்தப் பொண்ணு அன்னிக்கே வந்துச்சி தம்பி. காலப் புடிச்சிக்கினு அழுதுச்சி. ‘எழுப்பலாம்னு தோணுச்சிக்கா, நான்தான் உட்டுட்டேன்’னு சொல்லுச்சி. உனக்குப் போன் பண்ணதச் சொல்லவே இல்ல.”

அண்ணி முறத்தில் சேர்ந்த உமியை ஊதித் தள்ளினார்.

“எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்கு அவரு போயிட்டாரு. நேத்து அத்தன பேரு இருந்தாங்களே, அங்க சொல்லியிருக்கணும் நீ” என்றார் அண்ணி. அதற்கப்புறம் காபி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். தாங்கள் அச்சடிக்கும் நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி ஏதாவது எழுதிக்கொடு என்று லாரிக்காரர்கள் கேட்டபோது நான் ஒத்துக்கொண்டது இதற்காகத்தான். கஸ்தூரியைப் பற்றிப் பேசியவர்கள் இனி என்னைப் பற்றிப் பேசுங்கள். அவள் தன் கண்ணால் பார்த்ததைச் சரியாகத்தான் பார்த்தாள். நான் அங்கே இல்லாமலே எல்லாம் தெரிந்தவன் போல அவள் கண்ணைப் பொய்யாக்கினேன். அட்டையைக் கழற்றிவிட்டேன். இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். “சரிண்ணே” என்றாள். பூசைச் சாப்பாட்டுக்குப் பிறகு வராமலிருந்தவள் மறுநாளிலிருந்து வேலைக்கு வருகிறாள்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அசையாமல் படுக்கத் தெரியும், அவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை மதியம் லோடு எதுவும் வரவில்லை. அவருடைய பெஞ்சில் மல்லாந்து படுத்தேன். உள்ளே எங்கேயாவது அவரைப் பார்த்தால், தொட்டிருந்தால் எழுந்திருப்பீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றிருந்தது. மூக்கு அரித்தது, நான் சொறியவில்லை. உடம்பு கனத்தது. காதில் இரைச்சல் ஆரம்பித்தது. பயம்கூட வரவில்லை. கண்ணுக்குள் வெளிச்சமாக ஏதோ கூடிக்கொண்டு வந்தது, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கால் வைத்திருப்பேன்.

அப்போது தோளில் ஒரு கை விழுந்தது, அழுத்தமாக.

“அண்ணே, எழுந்திரு.”

“தூங்கலம்மா.”

“தெரியும். எழுந்திரு” என்றாள் கஸ்தூரி.

எழுந்து உட்கார்ந்தேன். வெளியே ஒரு வண்டி மேடையேறி ஹாரன் அடித்தது. அவள் கையை எடுக்கவில்லை.