வெள்ளையாய் வெளுத்த முகம்

புகைப்படக்காரர் போகுமில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. குளியலறை ஓடு விற்கும் கடையில் வாரம் முழுக்க வேலை பார்க்கிறார், அவ்வளவுதான். அதற்குமுன் இருபத்திரண்டு வருடம், போலந்தில் எங்கள் ஊர் மொத்தமும் பூசை முடிந்து ஸ்பீட்வே பைக் பந்தய மைதானத்துக்குப் போகையில், இவர் இரண்டாவது வளைவில் நின்று எங்கள் பத்திரிகைக்குப் படம் எடுத்தார். பிரேக் இல்லாத பைக்குகள் வாரியிறைக்கும் செம்மண்ணை அவரைப் போலத் தின்றவர் யாருமில்லை.

பிடிவாதக்காரர். 'ரா' (RAW) என்கிற கோப்பு வகையில்தான் எடுப்பார். கேமரா பார்த்த வெளிச்சம் அத்தனையையும் வைத்திருக்கும் கனத்த கோப்பு அது. வீட்டில் உட்கார்ந்து சரிசெய்துதான் அனுப்ப முடியும். ஜேபெக் என்றால் கேமராவே படத்தை முடித்துக் கொடுத்து மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும், உடனே அனுப்பலாம். படங்களை இணையத்தில் ஏற்றுவது என் வேலை. போட்டிப் பத்திரிகை ஐந்தாவது நிமிடம் படம் போட, நாங்கள் மறுநாள் போடுவோம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு, போனில் கத்தினேன்.

"உங்க படத்தோட அழகு யாருக்கு வேணும்? ஜேபெக்ல எடுங்க, சின்ன சைஸ்ல. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

"ரெண்டுலயும் சேத்து எடுக்கறேனே, டாரியா."

"அப்படி எடுத்தா கேமரா திணறி நின்னுடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சரிம்மா, உன் இஷ்டம்."

அன்றைக்குத்தான் பத்தொன்பது வயது பந்தய வீரன் கயெதான் முதல்முறை ஜெயித்தான். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வெயிலைப் பார்த்துச் சிரித்தான். நிழலுக்கு ஏற்றபடி வெளிச்ச அளவு வைத்திருந்த கேமராவோடு போகுமில் அப்படியே திரும்பி எடுத்துவிட்டார். வெளிச்சம் கூடினால் வீட்டில் மீட்டுக்கொள்ளலாம் என்ற 'ரா' கோப்பின் பழக்கம் கையில் ஊறியிருந்தது. நான்காவது நிமிடம் படம் என்னிடம். கொஞ்சம் வெளிறியிருந்தது, போட்டேன். 'பாத்தீங்களா, முடியுதுல்ல?' என்று செய்தி வேறு அனுப்பினேன்.

அடுத்த ஓட்டத்தில் கயெதான் வேலியில் மோதினான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

பத்து நாள் கழித்து அவன் அம்மா யாத்விகா அலுவலகத்துக்கு வந்தார். கல்லறைக் கல்லில் பதிக்கும் பீங்கான் வில்லைக்குப் படம் வேண்டும். போகுமிலை வரச்சொன்னேன்.

"சிரிக்கிறானே, அந்தப் படந்தான் வேணும். வீட்ல இருக்கறது எல்லாத்துலயும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான், கழுதை."

போகுமில் படத்தைத் திறந்து வெளிச்சத்தைக் குறைத்தார். சட்டை தெளிந்தது, முடி தெளிந்தது. நெற்றியும் கண்ணும் கன்னமும் வெறும் சாம்பல் திட்டாகவே நின்றன. திரும்பத் திரும்பக் குறைத்தார்.

"அங்க ஒண்ணுமே பதிவாகலம்மா. இருட்டா இருந்தாக்கூட ஏதாவது செஞ்சிருப்பேன்."

"நீங்க எதையும் சரிபண்ணிடுவீங்கன்னு அவன் சொல்வானே?"

"என் கைதான் தப்புப் பண்ணிடுச்சு."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் திறக்கவில்லை.

யாத்விகா திரையை ஒட்டிக் குனிந்தார். "வாய் தெரியுதே. நிழல் விழுந்த அந்த எடம் மட்டும் வெட்டிக் குடுங்க, போதும்."

வெட்டினார். நகத்தளவுதான் வந்தது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது.

சின்ன சைஸில் எடுக்கச் சொன்னது நான்.