பத்துச் சொட்டு ரத்தமும் சிறுவாணித் தண்ணீரும்

துடியலூரைத் தாண்டி வெகுதூரம் வரும்வரை எங்கே போகிறேன் என்று நான் யோசிக்கவில்லை. தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு சீப்பு. மேட்டுப்பாளையம் ரோட்டில் தெற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். நாலரை மணி வெயில் வலது கன்னத்தில் அடித்தது. காந்திபுரம் போகும் டவுன் பஸ்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. எதற்கும் கை காட்டவில்லை.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி, திருப்பூரில் சாயப்பட்டறை, பீளமேட்டில் லேத் பட்டறை. எங்கும் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. எட்டாம் வகுப்பைக்கூட அப்படித்தான் பாதியில் விட்டேன். ஒரு இடம் அலுத்துப்போனால் கால் தானாகக் கிளம்பிவிடும். ஆனால் அன்றைக்கு அலுப்பில் கிளம்பவில்லை. ஒரு தப்பைச் செய்துவிட்டு, அதைச் சொல்லாமல் வந்திருந்தேன்.

துடியலூருக்கு வடக்கே ஒரு கல்லூரி. அதில் ஒரு ஆராய்ச்சி அறையில் ஏழெட்டு மாதமாக எனக்குத் தினக்கூலி வேலை. கண்ணாடி கழுவுவது, கூட்டுவது, டீ வாங்கி வருவது. கல்லூரியின் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் வாரம் இரண்டு முறை டவுனுக்குப் போய் ஒரு கேனில் மலையிலிருந்து குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீர் பிடித்து, பஸ்ஸில் தூக்கி வந்து, அறை மூலையில் இருந்த மண்பானையில் ஊற்றி வைப்பதும் என் வேலைதான். அந்த ஒரு வேலையை மட்டும் நான் மனமாரச் செய்தேன். பல ஊர்த் தண்ணீர் குடித்தவன் நான். அந்தத் தண்ணீருக்கு ஈடாக எங்கும் குடித்ததில்லை.

அறையில் ஆராய்ச்சி செய்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டக்காரர் வீடு. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே முடி நுழையும் அளவுக்கு ஒரு சந்து விட்டு ஒட்டி, அதில் ரத்தத்தை ஓடவிட்டு, மைக்ராஸ்கோப் வழியே படம் பிடிப்பார். அந்தச் சந்துக்கு வாய்க்கால் என்றுதான் பெயர் வைத்திருந்தார்.

"ஏம்மிணி, தோட்டத்து வாய்க்காலை உட்டுப்போட்டு ரத்தத்துக்கு மடை மாத்திட்டிருக்கறயாங்கறாருங்ணா எங்கப்பா" என்பார். "அதுக்காச்சும் கரண்டு எப்ப வரும்னு காத்துக் கெடக்க வேண்டியதில்லீன்னு சொன்னேன். அன்னைக்குன்னு பாத்து இங்கயும் கரண்டு போயிருச்சு."

செல்லைத் தட்டையாகப் பார்த்தால் போதாது, சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மைக்ராஸ்கோப்பில் ஒரு நேரத்தில் ஒரு மட்டம்தான் தெளிவாகத் தெரியும். அதற்கு மேலும் கீழும் மார்கழிக் காலைபோல ஒரே மூட்டம். நின்ற இடத்தில் இருக்கும் பொருளானால் குமிழைத் திருகித் திருகி ஒவ்வொரு மட்டமாகப் படம் எடுக்கலாம். ஓடும் செல் அதுவரை நிற்காது. அதற்கு அவர் ஒரு வழி கண்டார். கண்ணாடியின் ஒரு முனையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் வாய்க்கால் சரிவாகிவிடும். செல் ஓட ஓடத் தானே இறங்கும். முதல் படத்தில் அதன் அடிப்பாகம் தெளியும், அடுத்ததில் இடுப்பு, அதற்கடுத்ததில் உச்சி. அந்த அடுக்குகளைக் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் முழு உருவம் வரும். யோசனை அவருடையது. முனைக்கு அடியில் மடித்து வைத்த டவுன் பஸ் டிக்கெட் என்னுடையது.

முதல் உருவம் வந்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். விரலில் குத்தி எடுத்த என் ரத்தம்தான். ஓட்டை போடாமல் நடுவில் அமுக்கி மட்டும் விட்ட வடைபோல ஒன்று திரையில் மெதுவாகத் திரும்பியது.

"உங்குளுதுங்ணா. நல்லா இருக்குதுங்களா?"

"சாப்பாட்டு நேரத்துல காட்டறீங்களே மேடம்" என்றேன். அவர் சிரித்தார்.

கேமரா பெங்களூரிலிருந்து இரவல். நான் கிளம்பி நடந்த அந்த வியாழக்கிழமை சாயங்கால ரயிலில் அவரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திரும்ப எப்போது கிடைக்கும் என்று தெரியாது. ஒரே ஒரு படம் பாக்கி. மலைத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு ரத்தத்தில் வியாதி. செல்கள் அரிவாள்போல வளைந்துபோகும். அன்று காலை அவர் ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்து ஒரு சின்னக் குழாய் ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் பாதியைக் காலையில் ஓட்டினோம். வளைந்ததும் வளையாததுமாகச் செல்கள் நன்றாகவே ஓடின. ஆனால் வாய்க்காலில் காற்றுக் குமிழி சிக்கி, படம் எதற்கும் உதவாமல் போய்விட்டது. குழாயில் பத்துச் சொட்டு மிச்சம்.

மத்தியானம் மேடம், "சலைன்ல கலந்து சிரிஞ்சுல ஏத்தி வைங்ணா, ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பலமுறை செய்த வேலைதான். சலைன் பாட்டிலைத் தூக்கினால் காலி. தீர்ந்ததைப் பார்த்து வாங்கி வைக்க வேண்டியவனும் நான்தான். ஸ்டோரைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். ரயிலுக்கு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சலைன் என்றால் உப்புப் போட்ட தண்ணீர் என்று தெரியும். உப்புத் தண்ணீரிலேயே பிழைக்கிற செல்லுக்கு நல்ல தண்ணீர் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். நான் சுமந்து வந்த சிறுவாணித் தண்ணீர் மூலையில் இருந்தது. டம்ளரில் மொண்டு ரத்தக் குழாயில் ஊற்றிக் கலந்தேன். வழக்கமாகக் கலங்கலாக இருப்பது அன்று நன்னாரி சர்பத்போலத் தெளிந்து வந்தது. எவ்வளவு சுத்தம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிரிஞ்சில் ஏற்றி, அதை மெதுவாகத் தள்ளும் மோட்டாரில் மாட்டி வைத்தேன்.

அவர் வந்து மோட்டாரைப் போட்டார். திரையில் செல் இல்லை. அழிந்த கோலம்போல வெளிறிய வளையங்கள் சில மிதந்து போயின. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உடையுதுங்ணா. ஓடறப்பவே உடையுது. காலைல மெதுவா உட்டோம், தாங்குச்சு. இப்ப வேகத்துல உடைஞ்சுருது."

துறைத் தலைவரும் வந்து குனிந்து பார்த்தார். "இதுதாம்மா உன் கடைசி அத்தியாயம். எழுதிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். மேடம் உடனே நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. செல்கள் வாய்க்காலில் உடையவில்லை. நான் கலக்கிய குழாயிலேயே அத்தனையும் உடைந்து, அதனால்தான் அது தெளிந்திருந்தது. குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அவர் கேமராவைப் பெட்டியில் அடுக்கும்போது பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கவுண்டம்பாளையம் தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதம் எரிந்தது. மேடம் எழுதியது புத்தகமாகும். அந்த மனிதனின் ரத்தம் வேகமாக ஓடினால் உடைந்துவிடும் என்று அதில் இருக்கும். யாராவது டாக்டர் அதை நம்பி அந்த ஆளுக்கு ஏதாவது செய்வார். தேங்காய் மண்டியில் எண்ணிக்கை தவறினால் திரும்ப எண்ணிக்கொள்ளலாம். இதை யார் திரும்ப எண்ணுவார்கள்? டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு அடுத்து வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.

பெங்களூர் வண்டி போத்தனூரில்தான் நிற்கும். உக்கடத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. கேமராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்ணா, எதையாச்சும் மறந்துட்டு வந்துட்டனா?"

"இல்லீங்க மேடம். சலைன் தீந்துபோச்சுங்க. நான் பானைத் தண்ணிய ஊத்திப்போட்டேன்."

பெட்டியை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தார்.

"முழுக்கத் தண்ணியிங்களா?"

"முழுக்கத்தானுங்க. நல்ல தண்ணிங்க. சிறுவாணி."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் வந்ததல்ல. "எங்கம்மா இருந்தாலும் அதத்தான் ஊத்தியிருப்பாங்க" என்றார். "உப்பில்லாத தண்ணி உள்ள போயிப் போயி செல்லு ஊதி வெடிச்சுருமுங்ணா. காலைல உடையாதது மத்தியானம் எப்புடி உடையும்னு இவ்வளவு நேரமா அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன். ஆனா எழுதிப்போட்டேன் பாருங்க."

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். கிழிக்கவில்லை. கோட்டுக்குக் கீழே, 'சலைன் இல்லை, குடிதண்ணீர்' என்று எழுதினார்.

"இனி என்னங்க மேடம் பண்றது?"

"கேமராவை மறுக்கா கேக்கோணும். அடுத்த வருசம் குடுத்தாலும் குடுப்பாங்க. அந்தாளையும் மறுக்கா மலையெறங்கி வரச் சொல்லோணும். அவருக்கு ஒரு நாள் கூலி போகும்." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஒரு வருசங்ணா."

வண்டி வரும் சத்தம் கேட்டது. கேமராவைத் தூக்கிப் பெண்கள் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தேன். அவருடைய பார்வை என் தோளிலிருந்த பையில் நின்றது. இரண்டு சட்டையோடு உப்பியிருந்த பை.

"ஊருக்குப் போறீங்களா?"

பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டேன்.

"திங்கக்கிழமை காலைல நான் வந்துருவேன். சலைன் நீங்களே செஞ்சு பழகிக்கோங்க. ஒரு லிட்டருக்கு ஒம்போது கிராம் உப்பு. ஞாபகம் இருக்குமுங்களா?"

"இருக்குமுங்க."

வண்டி போய்விட்டது. எங்கே போவதென்று தெரியவில்லை. ஸ்டேஷனிலேயே பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் கூட்ஸ் ஷெட் பக்கம் நடந்தேன். தூத்துக்குடியிலிருந்து உப்பு வேகன்கள் வந்து நின்றன. இரண்டு ஆள் வரவில்லை என்று மேஸ்திரி திட்டிக்கொண்டிருந்தார். என் தோளை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"மூட்டை தூக்கியிருக்கறயா?"

"பொள்ளாச்சி மண்டியிலங்க."

"எத்தன நாளைக்கு வருவ? உன்னாட்ட ஆளுங்க பாதி நாள்ல ஓடிப்போயர்றாங்க."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் வாரேனுங்க."

"அப்பறம்?"

"திங்கக்கிழம வேற வேலை இருக்குதுங்க."

"பெரிய கலெக்டரு வேலை" என்றார் மேஸ்திரி. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் பழைய சாக்கை மடித்து என் முதுகில் போட்டார். குனிந்து நின்றேன். வேகனிலிருந்து முதல் மூட்டையைச் சாய்த்துவிட்டார்கள்.