நாற்பது சென்டிமீட்டர் செடி

திருச்சி கே.கே. நகரில் குடியிருக்கும் அப்துல் சலாம், ஷார்ஜாவில் பத்தொன்பது ஆண்டுகள் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். ஒவ்வோர் இயந்திரத்தின் அழுத்தத்தையும் தேதியிட்டு எழுதிப் பழகிய கை, ஊர் திரும்பிய பிறகும் சும்மா இருக்கவில்லை. செடிகளை அளந்து எழுதத் தொடங்கியது.

அவற்றுள் அவர் பெருமையாகக் காட்டுவது, ஜன்னலுக்குக் கீழே உருண்டு திரண்டு நின்ற குட்டை ஊசியிலைச் செடியைத்தான். வீடு குடிபுகுந்த அன்று அமிர்தராஜ் கொடுத்தது. ஷார்ஜாவில் ஒரே அறையில் படுத்தெழுந்த நண்பர். இப்போது மன்னார்புரத்தில் நர்சரி வைத்திருக்கிறார்.

"குள்ள ரகம்டா. நீ கெழவனானாலும் இது உன் முழங்காலைத் தாண்டாது" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

திருச்சி வெயிலிலும் அது நான்கு ஆண்டுகள் பச்சை மாறாமல் நின்றது. மாதத்தின் முதல் வெள்ளியன்று, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் சலாம் அதை அளப்பார். அமிர்தராஜ் நாடாவைப் பிடிப்பார். வெள்ளிதோறும் அவருக்கு மதியச் சாப்பாடு இங்கேதான். சலாம் பள்ளிவாசலிலிருந்து திரும்பும்வரை வீட்டில் மனைவி மஜீதா தனியாக இருப்பார் என்பதால், உள்ளே வராமல் தோட்டத்திலேயே காத்திருப்பார். அந்தக் கண்ணியத்தைச் சலாம் பலரிடம் சொல்லி மெச்சியதுண்டு. குறிப்பேட்டில் நாற்பத்தெட்டு மாதமும் ஒரே அளவு: நாற்பது சென்டிமீட்டர்.

ரகத்தின் சரியான பெயரையும் எழுதிவிட்டால் பதிவு முழுமையாகிவிடும். அதற்காக, அடுத்த தெருவில் இருந்த தாவரவியல் பேராசிரியை சுபலட்சுமியை ஒரு செவ்வாய் மாலை அழைத்து வந்தார்.

செதில் போன்ற இலைகளையும், கொக்கி முனையுள்ள சிறு காய்களையும் அவர் புரட்டிப் பார்த்தார்.

"சாதாரண துஜா மரங்க சார். விட்டா ரெண்டு ஆள் உயரம் போகும்."

"நாலு வருஷமா ஒரு மில்லிமீட்டர் ஏறலம்மா. நோட்டு இருக்கு."

"நோட்டு சரியாத்தான் இருக்கும். வெட்டி விடறது யாரு?"

"இதுமேல கத்தரியே பட்டதில்ல."

சுபலட்சுமி மேலிலைகளை விலக்கிக் காட்டினார். உள்ளே தண்டு முனைகளெல்லாம் வெட்டுப்பட்டிருந்தன. பழையவை கறுத்தும் புதியவை வெளுத்தும் தெரிந்தன. ஒன்றில் பிசின்கூட முழுதாகக் காயவில்லை.

தாம் இல்லாத நேரத்தில் இந்தத் தோட்டத்தில் இருப்பவர் ஒருவர்தான். சலாம் மஜீதாவிடம் கேட்டார்.

"அண்ணன் வந்தா எதையோ நறுக்கிச் சட்டைப் பையில போட்டுக்குவாங்க. காஞ்சதை எடுக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றார் மஜீதா.

அப்படியென்றால், ஒவ்வொரு முறையும் நண்பர் வெட்டி முடித்த பிறகே தாம் அளந்து வந்திருக்கிறோம் என்பது சலாமுக்குப் புரிந்தது.

வெள்ளியன்று பள்ளிவாசலிலிருந்து வந்ததும், தோட்டத்தில் நின்றவரிடம் நேராகக் கேட்டார். "வெட்டினது நீயா?"

அமிர்தராஜ் மறுக்கவில்லை. "மொத மாசமே கிடுகிடுன்னு ஏற ஆரம்பிச்சிருச்சு. எனக்குக் குடுத்தவன் ஏமாத்திட்டான்டா. சொல்லத்தான் வந்தேன். நீ நோட்டைத் தூக்கிட்டுச் சின்னப்புள்ள மாதிரி ஓடி வந்தே. வாய் வரல."

"அன்னிக்கு வரல, சரி. நாலு வருஷமா நாடாவையும் நீதானே பிடிச்சே."

"ஒரு செடிக்குப் போயி..."

"செடி என்னடா பண்ணுச்சு?"

சோறு ஆறுகிறதென்று உள்ளேயிருந்து மஜீதா குரல் கொடுத்தார். அமிர்தராஜ் வழக்கம்போல் செருப்பைக் கழற்றினார். சலாம் வாசற்படியில் ஏறி வழியை மறித்து நின்றார்.

"இனிமே வர்றதா இருந்தா, நான் வீட்ல இருக்கற நேரமாப் பாத்து வா."

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொள்ள அமிர்தராஜுக்கு வெகுநேரம் பிடித்தது.