மணவறை வராத கல்யாணம்

இன்று காலை லண்டன் மனோர் பார்க்கில், தங்கையின் கல்யாணத்துக்கான மணவறையை நண்பன் சிவாவின் ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மண்டபம் விம்பிள்டனில். முகூர்த்தத்துக்கு நேரமில்லை.

தூண்கள் ஏறியதும் பெரியப்பா சிவாவைக் கேட்டார்:

"தம்பி, ஊரில எந்தப் பக்கம்?"

சிவா சொன்னான். பெரியப்பாவுக்குச் சாதி விளங்கிவிட்டது; முகம் மாறியது.

"தூக்கிறதை நீர் விடும். எங்கட பொடியள் தூக்குவினம்."

நானும் சிவாவும் ஒரே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர்கள்.

அவன் தூண்களை ஒவ்வொன்றாக இறக்கி நடைபாதையில் அடுக்கினான்.

"சரி ஐயா. அப்ப என்ர ட்ரெய்லரும் வேண்டாம்."

ட்ரெய்லர் பூட்டிய தன் வானைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். நான் மறிக்கவில்லை.

தங்கைக்கு வெறும் மேடையில், பிளாஸ்டிக் கதிரையில் வைத்துத் தாலி கட்டினார்கள். பெரியப்பா என்னைத்தான் ஏசுகிறார்:

"முதலே விசாரிச்சிருக்கலாமேடா!"

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பா இருந்தால் எழுதுங்கள். அடுத்த கல்யாணத்தில் அவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்திவிடலாம்.